வரவில்லை என்று எழுதப்பட்ட ஒருவர்

கொழும்பில் இதய சத்திரசிகிச்சை செய்யும் வைத்திய நிபுணர்களுக்கும், சுகாதார அமைச்சில் புள்ளிவிபரங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம். நான் வைத்தியத்துறையைச் சேர்ந்தவள் அல்ல. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் 22 வருடமாகக் கணக்கெழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தலங்கமக் குளத்தில் பறவை எண்ணுகிறேன். சரக்கும் பறவையும் எண்ணுகிறவளுக்கு எங்களோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் மாமாவின் கிளினிக் கொப்பி என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாமா வவுனியாவில் இருந்தவர். அம்மாவின் மூத்த அண்ணன். 61 வயது, பதினைந்து வருடத்துச் சலரோகம், மூன்று குழாயில் அடைப்பு. கொழும்பில் பைபாஸ் செய்தார்கள். எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை; அங்கிருந்தவர்கள் அவரை நன்றாகத்தான் பார்த்தார்கள். காலிலிருந்து எடுத்த நாளமும் நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்த நாடியும் பிடித்துக்கொண்டன, இதயம் நன்றாக ஓடுகிறது என்று சின்ன டொக்டர் ஒருவர் படம் கீறிக் காட்டினார். ஒன்பதாம் நாள் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு இரவு தங்கவைத்து, மறுநாள் வானில் படுக்கவைத்து ஊருக்கு அனுப்பினோம். ஆறு கிழமை கழித்து கிளினிக்குக்கு வரச் சொல்லித் திகதி போட்டிருந்தார்கள்.

பதினேழாம் நாள் நெஞ்சுக் காயத்தின் கீழ்முனையில் ஈரம் கண்டது. மாமி பிளாஸ்டரை மாற்றிவிட்டார். பத்தொன்பதாம் நாள் காய்ச்சல். வெட்டிய நெஞ்செலும்பை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுற்றிக் கிருமி பிடித்து உள்ளே இறங்கிவிட்டது. சலரோகக்காரருக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபத்துமூன்றாம் நாள் ஊர்ப் பக்கத்து வைத்தியசாலையில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து கொழும்பு வந்தபோது கிளினிக் திகதிக்கு இன்னும் சில நாள் இருந்தது. யாரோ ஒருவர் போய்ச் சொல்ல வேண்டாமா? அரை நாள் லீவு போட்டுக்கொண்டு அந்தத் திகதியில் நானே போனேன். வரிசையில் நின்று, கொப்பியை நீட்டி, ஆள் இறந்துவிட்டார் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில்தான் சொன்னேன். மேசையில் இருந்த பிள்ளைக்குப் புரிந்தது, முகம் மாறியது. அந்தப் பிள்ளை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள். அதில் இறந்தவர் என்று எழுத ஒரு நிரல் இல்லை. வந்தார், வரவில்லை என்று இரண்டுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதை எழுதினாள். வாட்டுப் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்றும் கேட்டேன். தேறி வீடு சென்றார் என்று இருக்கிறதாம்.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. நிரல் இல்லாத இடத்தில் யாரும் எதையும் எழுத முடியாது. ஆனால் கணக்குக்காரிக்கு அன்று தூக்கம் வரவில்லை. அந்த வருடம் அந்தப் பிரிவில் பைபாஸ் செய்து பிழைத்தவர்கள் இத்தனை பேர் என்று யாராவது கூட்டியிருந்தால், அந்தக் கூட்டுத்தொகைக்குள் என் மாமா இருப்பார். உயிரோடு.

தலங்கமவுக்கு என்னைப் பழக்கியவர் பக்கத்து வீட்டு ஐயா, ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். முதல் நாளே பறவைப் பெயர்கள் அச்சடித்த தாள் ஒன்றைத் தந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன்: நீர்க்காகம் 41, நீலத் தாழைக்கோழி 17, முக்குளிப்பான் 6 என்று. சீழ்க்கைச் சிறகி என்ற வாத்துக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் ஒன்றும் இருக்கவில்லை. அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். “இங்கே என்ன அர்த்தம்? பார்த்தீர்கள், இல்லை என்றா? பார்க்கவேயில்லை என்றா?” என்று கேட்டார். பூச்சியம் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

என் தொழிலிலும் இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். இருப்பெடுக்கும்போது வெற்றுக் கட்டத்தை விட்டுவைத்தால் ஆடிட்டர் பேனையால் வட்டம் போடுவார். ஆனாலும் குளக்கரையில்தான் அது மண்டையில் ஏறியது.

ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1987இல் தொடங்கியது. இலங்கையில் 1943இல் உருவான சிலோன் பேர்ட் கிளப் அதை ஒருங்கிணைக்கிறது. எண்ணுகிறவர்களில் அனேகர் சம்பளம் வாங்காதவர்கள், என்னைப் போல வேறு வேலைக்காரர். அந்தக் கணக்கைப் பயனுள்ளதாக ஆக்குவது மிகச் சாதாரணமான ஒழுங்குகள்: அதே குளம், அதே மாதம், இயன்றவரை அதே முறை, இல்லாததையும் எழுது, கிடைத்ததை வெளியில் கொடு. 2018இல் டுபாயில் கூடிய, ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சர் உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டில் உலகத்தின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் பங்கெடுக்கும் நகரம், வாத்துக்கு வைத்திருக்கும் கணக்கைத் தன் வைத்தியசாலைகளிலிருந்து நெஞ்சைத் திறந்து மூடி அனுப்பிய மனிதருக்கும் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியா?

பறவை எண்ணுவதில் உள்ள கஷ்டமும் இங்கே உதவும். பேர வாவியில் கூழைக்கடாவை எண்ணுவது சுலபம். அத்தனை பெரிய பறவை, மரத்தில் வந்து இருந்தால் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். சத்திரசிகிச்சை மேசையில் நேரும் மரணம் அப்படி, தப்பாது. ஐ.சி.யூ.வில் நேர்வதும் தப்பாது. தாழைக்கோழி வேறு மாதிரி. நாணலுக்குள் பத்து இருந்தால் வெளியே நான்கு தெரியும். முக்குளிப்பான் இன்னும் மோசம். இங்கே முங்கி அங்கே எழும்பும், ஒன்றை இரண்டாக எண்ணிவிடுவோம். வாட்டைவிட்டு வெளியேறிய நோயாளி நாணலுக்குள் போன தாழைக்கோழி. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு அதுதான் குளம் முழுவதும் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஐயா விடமாட்டார்.

கொழும்புக்கு இதய சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் தூரத்து ஊர்க்காரர். மன்னார், மட்டக்களப்பு, ஹட்டன், மொனராகலை. வெளியேறியதும் திரும்பிப் போகிறார்கள். காயத்தில் ஈரம் கண்டால் ஏழெட்டு மணித்தியாலம் பயணம் செய்து உங்களிடம் வரமாட்டார்கள், பக்கத்தில் உள்ள வைத்தியசாலைக்குத்தான் போவார்கள். அங்கே நடப்பது அங்கேயே நிற்கும். ஆகவே வாட்டுக்குள் நடந்த மரணத்தை மட்டும் எண்ணினால், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிற பிரிவுக்கும் தூரத்து ஆட்களை அதிகம் வைத்திருக்கிற பிரிவுக்கும் கணக்கு அழகாக வரும்.

இது புதுப் பிரச்சினை இல்லை. மற்ற இடங்களில் இதனோடு மல்லுக்கட்டியவர்களைப் பற்றி, மாமா போன பிறகு, இரவுகளில் உட்கார்ந்து வாசித்தேன்.

நியூயோர்க் மாநிலம் 1989இல் ஒவ்வொரு பைபாஸுக்கும் படிவம் நிரப்பச் சொன்னது. நோயாளி எவ்வளவு ஆபத்தான நிலையில் வந்தார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1990 இறுதியில் வைத்தியசாலை வாரியாக வெளியிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு பத்திரிகை வழக்குப் போட்டு வென்றதால் வைத்தியர் வாரியாகவும் வெளிவந்தது. ஆபத்துக்கேற்பச் சரிசெய்த மரண விகிதம் 1989இல் 4.17 சதவீதம், 1992இல் 2.45. இது முழுக்க வெளியிட்டதால் வந்த பலனா என்று அங்கேயே சண்டை. அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. எனக்குப் பிடித்தது அல்பனி நகரத்து வைத்தியசாலை ஒன்றின் கதை. அவசரமாகக் கொண்டுவரப்பட்ட நோயாளிகளில் அங்கே மரணம் அசாதாரணமாகக் கூடியிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர்களின் கைதான் சரியில்லை என்று எவரும் நினைத்திருப்பார்கள். கோப்புகளை எடுத்துப் பார்த்தால், நோயாளியை முதலில் நிலைப்படுத்தாமல் மேசையில் ஏற்றியதுதான் பிரச்சினை. அந்த ஒழுங்கை மாற்றினார்கள், மரணம் இறங்கியது. எண் வெளியே வராதிருந்தால் கோப்பை யார் எடுத்திருப்பார்?

மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் என் மடல் நேர்மையானது அல்ல. பென்சில்வேனியாவில் இதேபோல வைத்தியர் பெயரோடு வெளியிட்டபோது அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். 1996இல் வந்த அந்த ஆய்வில் 63 சதவீதமானோர், மிக மோசமான நிலையில் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்ய முன்னைவிடத் தயங்குவதாகச் சொன்னார்கள். என் மாமாவைப் போன்ற சலரோகக்காரரை, சிறுநீரகம் பழுதான கிழவியை, “மருந்தோடு பார்ப்போம்” என்று திருப்பி அனுப்பும் நாள் வந்தால் அந்தக் கணக்கு எங்களுக்கு வேண்டாம். ஆகவே வைத்தியர் பெயர் போட்ட பட்டியலை நான் கேட்கவில்லை. கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. சத்திரசிகிச்சை ஒரு ஆள் செய்வதில்லை; மயக்க மருந்து கொடுப்பவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுபவர், இரவுத் தாதி எல்லோரும் சேர்ந்துதான். பிரிவு வாரியாகப் போதும்.

எண் சின்னதாக இருப்பதும் ஒரு காரணம். ஒரு பிரிவில் வருடத்துக்கு 200 பேர், உண்மையான ஆபத்து 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மரணம் எதிர்பார்க்கலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் ஒரு வருடம் மூன்று வரும், மறு வருடம் பத்து வரும், கையில் ஒரு மாற்றமும் இராது. ஒரு ஆளுக்கு 40 பேர் என்று பிரித்தால் அந்த எண்ணில் ஒன்றுமே வாசிக்க முடியாது. போன ஜனவரியில் எங்கள் பக்கத்துக் கரையில் சீழ்க்கைச் சிறகி ஒன்றுகூட இல்லை என்றால், இனமே போய்விட்டது என்று எழுதுவோமா? பக்கத்து வயலுக்குப் போயிருக்கலாம். பத்து ஜனவரி பூச்சியம் வந்தால்தான் வயிறு கலங்கும்.

பிரிஸ்டல் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் அந்த வைத்தியசாலையில் குழந்தைகளின் இதய சத்திரசிகிச்சையில் மரணம் கூடுகிறது என்று, 1988இல் அங்கே சேர்ந்த ஸ்டீபன் பொல்சின் என்ற மயக்க மருந்து வைத்தியர் கவனித்து எண்ண ஆரம்பித்தார். கேட்பாரில்லை. இயன் கென்னடி தலைமையிலான விசாரணை அறிக்கை 2001இல் வந்தது: 1991க்கும் 1995க்கும் இடையில், ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். தரவு இல்லாததால் நடந்ததல்ல அது. தரவு நிறைய இருந்தது, அதைக் கூட்டிப் பார்ப்பது எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. பொல்சின் பிறகு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எண்ணுகிறவருக்கு இங்கிலாந்திலேயே அதுதான் கதி என்றால், கிளினிக் மேசையில் இருந்த அந்தப் பிள்ளையிடம் நான் எதை எதிர்பார்ப்பது?

நான் வாசித்ததில் என்னை எழுந்து உட்கார வைத்தது ஒரு படம். 1997இல் லண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலைக்காரர் வெளியிட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் சத்திரசிகிச்சைக்கு முன்பே ஆபத்தைக் கணித்து வைக்கிறார்கள். 5 சதவீத ஆபத்துள்ளவர் பிழைத்தால் கோடு 0.05 ஏறும். இறந்தால் 0.95 இறங்கும். 40 சதவீத ஆபத்துள்ளவரை எடுத்துக் காப்பாற்றினால் ஒரேயடியாக 0.40 ஏறும், அவரை இழந்தால் 0.60தான் இறங்கும். இது கணக்கேட்டில் ஓடும் மீதி, வேறொன்றும் இல்லை! கடினமான நோயாளியை எடுத்தவருக்கு அதிலேயே வரவு இருக்கிறது. கோடு தொடர்ந்து சரிந்தால் பத்து வருடம் காத்திராமல் சில மாதங்களிலேயே கண்ணில் படும். எங்கள் முதலாளிக்கு இதைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஆபத்தைக் கணிக்கும் கருவியும் உங்கள் கையில் இருக்கிறது. யூரோஸ்கோர் இரண்டு என்பது 2010இல் 43 நாடுகளின் 154 வைத்தியசாலைகளில் 22,381 நோயாளிகளை வைத்து உருவானது. வயது, சிறுநீரகம், இன்சுலின் எடுக்கும் சலரோகம், இதயத்தின் பம்ப் எவ்வளவு வேலை செய்கிறது, அவசரமா இல்லையா என்பவற்றைப் போட்டால் ஒரு சதவீதம் தரும். வேறு ஊர்த் தராசுதான். நம் ஆட்களுக்கு அது கூட நிறுக்கிறதா குறைய நிறுக்கிறதா என்பதை நம் எண்ணை வைத்தே திருத்த வேண்டியிருக்கும். எண்ணாமல் திருத்த முடியாது. அத்துடன் அந்தத் தராசும் வைத்தியசாலைக்குள் நேர்ந்த மரணத்தை வைத்துத்தான் செய்யப்பட்டது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன், மாமாவுக்காக.

சரி, என்ன கேட்கிறேன்?

முப்பதாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. அவ்வளவுதான் முதலாவது. இருக்கிறாரா, காயம் எப்படி, திரும்ப எங்காவது அனுமதித்தார்களா என்று மூன்று கேள்வி. தமிழ் வீட்டுக்குத் தமிழில் கேட்க வேண்டும். மாமியிடம் பத்தொன்பதாம் நாள் சிங்களத்தில் யாராவது பேசியிருந்தால் அவர் “ஹொந்தாய், ஹொந்தாய்” (நல்லது, நல்லது) என்று சொல்லிப் போனை வைத்திருப்பார். அவருக்கு அந்த மொழியில் தெரிந்த பதில் அதுதான். தமிழ் தெரிந்த ஒரு எழுதுவினைஞர், கிழமைக்கு ஒரு பின்னேரம், போதும். இன்னொன்றும் சொல்கிறேன்: முப்பதாம் நாளுக்கு முன் பதினைந்தாம் நாளில் ஒரு அழைப்பு எடுத்தால் அது புள்ளிவிபரத்தைவிடப் பெரிய வேலை செய்யும். அந்த ஈரத்தைப் பற்றி ஒரு தாதி கேட்டிருந்தால் மாமி பிளாஸ்டரோடு நின்றிருக்கமாட்டார்.

அழைப்புக்குப் பதில் இல்லாவிட்டால் “தெரியாது” என்று எழுத ஒரு நிரல். அதைப் பிழைத்தவர் பக்கத்தில் கூட்டக்கூடாது. மரணங்கள் எப்படியும் பதிவாளரிடம் பதியப்படுகின்றன, அடையாள அட்டை இலக்கமும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் தெரியாதவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர் ஆகிவிடுவார்கள். இங்கிலாந்தில் இதய சத்திரசிகிச்சைப் பதிவேட்டை மரணப் பதிவோடு இணைத்துத்தான் பார்க்கிறார்கள்.

பிறகு வெளியிடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை சத்திரசிகிச்சை, கணித்த மரணம் எத்தனை, நேர்ந்தது எத்தனை, தெரியாதவர் எத்தனை, நெஞ்சுக் காயத்தில் கிருமி பிடித்தவர் எத்தனை. மூன்று மொழியிலும், ஒரு பக்கத்தில். காத்திருப்புப் பட்டியலிலேயே இறந்தவர்களையும் சேருங்கள். மேசைக்கே வராதவர் எந்தப் பிரிவின் கணக்கிலும் விழமாட்டார். யாருடைய பெயரும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டுக் கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். போடலாம். ஆனால் எழுதப்படாததை எந்தச் சட்டத்தாலும் கேட்டு வாங்க முடியாது. உள்ளதைத்தான் தருவார்கள், உள்ளதில் மாமா தேறி வீடு சென்றவர்.

வேலைப் பளுவைக் காரணமாகச் சொல்வீர்கள், அது பொய்யல்ல. வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து பத்து நாள் பார்த்தவள் நான். காலை ஆறரைக்கு வந்த அதே முகம் இரவு ஒன்பதுக்கும் நடந்துபோகும். இலவசமாக இவ்வளவு செய்கிற இடத்தில் வந்து கணக்குக் கேட்கிறாளே என்று தோன்றினால், அந்த எரிச்சல் எனக்கு விளங்குகிறது. படிவம் நிரப்புவது உங்கள் வேலையாக இருக்கக்கூடாது என்பதுதான் என் கட்சி. ஆளைப் போட வேண்டியது அமைச்சு. தேவையானால் ஓய்வுபெற்ற கணக்குக்காரர்கள் இந்த ஊரில் ஏராளம், வருடத்தில் ஒரு மாதம் வந்து கூட்டித் தருவார்கள். எனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. அதுவரை சனிக்கிழமைப் பின்னேரங்கள் தரலாம். ஞாயிறு காலை மட்டும் முடியாது.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள், இது பொதுவானதல்ல. கொப்பியின் இலக்கமும் கிளினிக் திகதியும் என்னிடம் இருக்கின்றன. உங்களில் யாராவது அந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னால், கொப்பியையும் மரண சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். “வரவில்லை” என்பதை வெட்டிவிட்டு, பக்கத்தில் திகதியைப் போட்டு, நடந்ததை எழுதித் தாருங்கள். நிரல் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதினாலும் சரி.

இப்படிக்கு,
மருமகள்,
வெள்ளவத்தை